துயரம் பாட்டான கதை

"அழுதால் பாரம் குறையும்" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. இழப்பை ஒப்பாரியாகவும், வேலையின் அலுப்பை நடவுப் பாட்டாகவும், பிள்ளையைப் பற்றிய கவலையைத் தாலாட்டாகவும் மாற்றிப் பாடியவர்கள் அவர்கள். நெஞ்சில் உள்ளதைத் தாளத்தில் வைத்துச் சொல்வது நமக்குப் புதிதன்று. ஆயினும் 'ராப்' என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். "அதுவும் ஒரு பாட்டா? வெறும் இரைச்சல்!" என்கிறோம்.

ஆண்டு விழா ஒத்திகையின்போது நாங்களும் அப்படித்தான் சொன்னோம். அருகில் நின்ற எங்கள் தமிழாசிரியை, "பொருள் தெரியாமல் ஒன்றைப் பழிக்கலாமா? அது எங்கே, யாரால், எதற்காகப் பிறந்தது என்று முதலில் படித்துப் பாருங்கள்" என்றார். படித்தோம். தெரிந்துகொண்டவற்றுள் சிலவற்றைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பள்ளி உடைக்காக நடந்த விருந்து

ஹிப்ஹாப் என்னும் இசை மரபு பிறந்த இடம் அமெரிக்காவின் நியூயார்க் நகரைச் சேர்ந்த பிராங்க்ஸ் பகுதி. 1950களிலும் 60களிலும் அப்பகுதியின் நடுவே பெரிய நெடுஞ்சாலை ஒன்று அமைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதி உள்ளவர்கள் வெளியேறினார்கள். 1970களில் பல கட்டடங்கள் தீக்கிரையாகிக் கிடந்தன. எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோ முதலிய தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுமே.

1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், அங்கே 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் சிண்டி கேம்பெல் என்ற பள்ளி மாணவி ஒரு விருந்து நடத்தினாள். எதற்காகத் தெரியுமா? பள்ளி திறக்கும் முன் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்க! நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுப் போடும் பொறுப்பு அவள் அண்ணன் கிளைவுக்கு. ஜமைக்காத் தீவில் பிறந்த அந்தப் பதினெட்டு வயது இளைஞரே பின்னாளில் 'டி.ஜே. கூல் ஹெர்க்' என்று புகழ்பெற்றார்.

பாட்டு நின்று கொட்டு மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் எல்லோரும் உற்சாகமாக ஆடுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு படிகளை வாங்கி இரு சுழலிகளில் வைத்தார். ஒன்றில் அந்தப் பகுதி முடிந்ததும் மற்றொன்றில் அதே பகுதியைத் தொடங்கினார். சில விநாடிக் கொட்டு பல நிமிடம் நீண்டது. அந்தக் கொட்டின்மேல் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசலானார். நாளடைவில் அந்தப் பேச்சே ராப் ஆயிற்று. வயலின் வாங்கவோ பாட்டு வகுப்புக்குச் செல்லவோ வசதியற்ற பிள்ளைகள், வீட்டிலிருந்த இசைத்தட்டையே வாத்தியமாக்கிக் கொண்டார்கள்.

தொடக்கத்தில் இப்பாட்டுகள் பெரும்பாலும் கேளிக்கைக்காகவே அமைந்தன. 1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்' என்ற பாட்டு வேறு வழி காட்டியது. சேரி வாழ்வின் நெருக்கடியை, உடைந்த வீட்டை, வேலையின்மையை அது உள்ளபடி சொன்னது. தன் தெருவின் துயரையும் பாடலாம் என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

யாப்பும் உண்டு

ராப் என்பது வாய்க்கு வந்தபடி பேசுவதன்று. அதற்கும் ஒரு கட்டு உண்டு. பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைத் தாளம். பதினாறு அடி கொண்டது ஒரு பகுதி என்பது வழக்கம். நம் தமிழில் அடியின் இறுதி ஒன்றி வருவதை இயைபு என்கிறோம் அல்லவா? ராப் பாட்டின் உயிர் அதுவே. தேர்ந்த கலைஞர்கள் அடியின் நடுவிலும் ஓசை ஒன்றிவரச் சொற்களை அடுக்குவார்கள். ராகம் இழுத்துப் பாட வேண்டியதில்லை என்பதால் ஒரு பாட்டில் அடங்கும் சொற்கள் ஏராளம். ஆகவேதான் ஒருவர் வாழ்க்கைக் கதையை அதில் விரிவாகச் சொல்ல முடிகிறது.

தன் கால் கொண்டு நிற்போர்

இவர்களில் சிலரைத் 'தனித்து இயங்கும் கலைஞர்கள்' என்கிறார்கள். அதன் பொருள் என்ன? பெரிய இசை நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்தால் அது முன்பணம் தரும், விளம்பரம் செய்யும். ஆனால் கலைஞருக்குச் சேரும் பங்கிலிருந்து அந்த முன்பணத்தைக் கழித்துக்கொள்ளும். மூலப்பதிவின் உரிமையும் பெரும்பாலும் நிறுவனத்திடமே போய்விடும். தன் தாயைப் பற்றித் தான் எழுதிப் பாடிய பாட்டு, சட்டப்படி பிறர் சொத்து!

தனித்து இயங்குவோர் பதிவுச் செலவைத் தாமே ஏற்கிறார்கள். இணையத்தின் வழியே தாமே வெளியிடுகிறார்கள். உரிமை அவர்களிடம் இருக்கும். ஆனால் நட்டமும் அவர்களுடையதே. இணையத்தில் ஒருவர் ஒரு முறை பாட்டைக் கேட்டால் கிடைப்பது ஒரு சென்ட்டுக்கும் குறைவு. ஆகவே ஊர் ஊராகச் சென்று மேடையில் பாடித்தான் பிழைக்க வேண்டும்.

நூலகத்தில் ஒரு மேடை

நியூயார்க்கில் பிறந்த இக்கலை வேறு பல நகரங்களிலும் வேரூன்றியது. அவற்றுள் சிகாகோ நகரை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே இதற்குத் தொட்டிலாக இருந்த இடங்களுள் ஒன்று ஒரு பொது நூலகம்!

சிகாகோவின் முதல் கறுப்பின மேயரான ஹெரால்ட் வாஷிங்டன் பெயரில் அங்கே ஒரு பெரிய நூலகம் இருக்கிறது. 2009இல் அதில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று 'யூமீடியா' என்ற தனிக்கூடம் திறக்கப்பட்டது. அங்கே புத்தகங்களோடு கணினிகள், புகைப்படக் கருவிகள், இசைக் கருவிகள், பாட்டுப் பதிவு செய்யும் அறை ஆகியவையும் இருந்தன. எல்லாம் இலவசம். மாலை வேளையில் யார் வேண்டுமானாலும் மேடையேறித் தாம் எழுதியதைப் படிக்கும் நிகழ்ச்சியும் நடந்தது.

அதை நடத்திய மைக் ஹாக்கின்ஸ் ஒரு கவிஞர். பிள்ளைகள் அவரை 'பிரதர் மைக்' என்று அழைத்தார்கள். (துறவற சபையைச் சேர்ந்தவர் அல்லர், அன்பினால் வந்த பெயர்.) பள்ளி முடிந்தபின் தெருவில் நிற்க அஞ்சிய பிள்ளைகளுக்கு அந்தக் கூடம் பாதுகாப்பான இடமாயிற்று. அவர் 2014இல் இளம் வயதிலேயே காலமானார். ஆனால் அவர் முன்னே மைக்கைப் பிடித்த பிள்ளைகளுள் மூவரை இன்று உலகம் அறியும்.

மூவர் கதை

முதலாமவர் சான்ஸ் தி ராப்பர். இவர் பள்ளியில் படிக்கும்போது கஞ்சா வைத்திருந்ததற்காகப் பத்து நாள் வகுப்பிலிருந்து விலக்கப்பட்டார். வெட்கப்பட வேண்டிய அந்தப் பத்து நாளில் பாட்டெழுதத் தொடங்கினார். '10 டே' என்றே பெயரிட்டு 2012இல் அத்தொகுப்பை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். பல நிறுவனங்கள் அழைத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 2016இல் வெளிவந்த அவருடைய 'கலரிங் புக்', இணையத்தில் மட்டுமே வெளியாகி கிராமி விருது பெற்ற முதல் தொகுப்பாயிற்று. அதை முதல் இரண்டு வாரம் தன்னிடம் மட்டும் வைத்திருக்க ஆப்பிள் நிறுவனம் 5 இலட்சம் டாலர் கொடுத்தது என்பதை அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். தனித்து நிற்பவருக்கும் துணை தேவைப்படுகிறது என்பதை இதனால் அறியலாம். 2017இல் சிகாகோவின் அரசுப் பள்ளிகளுக்கு அவர் 10 இலட்சம் டாலர் நன்கொடை அளித்தார்.

இரண்டாமவர் ஒரு பெண். பெயர் 'நோநேம்', அதாவது பெயரில்லாதவள்! இயற்பெயர் பாத்திமா வார்னர். தாயார் புத்தகக் கடை நடத்தியவர்; இவர் சிறுவயதில் பாட்டி தாத்தாவிடம் வளர்ந்தார். 2016இல் 'டெலிஃபோன்' என்ற தொகுப்பை இலவசமாக வெளியிட்டார். ராப் என்றால் உரக்கக் கத்துவது என்று எண்ணுவோர் இவர் குரலைக் கேட்க வேண்டும். பக்கத்தில் அமர்ந்து தோழி ஒருத்தி மெல்லப் பேசுவது போலிருக்கும். இளம் பிள்ளைகள் சாகும் ஊரில் வளர்ந்தவளின் அச்சமும் பாட்டியின் நினைவும் அதில் நிறைந்திருக்கும். 'எஸ்டர்டே' என்ற பாட்டில் மறைந்த பிரதர் மைக்கையும் நினைவுகூர்கிறார். ஊர் ஊராகப் பாடிச் சேர்த்த பணத்தைக் கொண்டே 2018இல் அடுத்த தொகுப்பான 'ரூம் 25' வெளியிட்டார். 2019இல் வாசகர் வட்டம் ஒன்றைத் தொடங்கிச் சிறையில் இருப்போருக்கும் புத்தகம் அனுப்பலானார். 2021இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு நூலகமே திறந்துவிட்டார். நூலக மேடையில் பேசக் கற்றவள், கற்ற கடனை நூலகமாகவே திருப்பிச் செலுத்தினாள்!

மூன்றாமவர் சபா. சிகாகோவின் மேற்குப் பகுதியில் உள்ள ஆஸ்டின் என்ற இடத்தைச் சேர்ந்தவர். பாட்டி தாத்தா வீட்டின் நிலவறையே அவர்களுக்குப் பதிவுக்கூடம். அங்கே உறவினரும் நண்பர்களும் சேர்ந்து 'பிவட் கேங்' என்ற குழுவை அமைத்தார்கள். அதில் ஒருவர் ஜான் வால்ட். சபாவின் நெருங்கிய உறவினர். உடன்பிறவாச் சகோதரர் போன்றவர். 2017 பிப்ரவரியில், இருபத்து நான்கு வயதில், ஒரு தகராறில் கத்திக்குத்துக்குப் பலியானார்.

ஓராண்டு கழித்து 2018 ஏப்ரலில் சபா 'கேர் ஃபார் மீ' என்ற தொகுப்பைத் தாமே வெளியிட்டார். அதில் ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் 'பிராம் / கிங்' என்ற பாட்டு எங்களை மிகவும் பாதித்தது. அது அழுகையில் தொடங்கவில்லை. பள்ளி இறுதி விருந்துக்கு உடன்வர ஒரு பெண் கிடைக்காமல் சபா தவித்ததையும், அதற்கு ஜான் வால்ட் உதவியதையும் சொல்லிச் சிரிப்போடு தொடங்குகிறது. பிறகு இருவரும் சேர்ந்து பாடிய ஆண்டுகள் வருகின்றன. தாளம் விரைகிறது, சொற்கள் மூச்சு முட்டும்படி ஓடி வருகின்றன. வரப்போவது நமக்குத் தெரியும்; வராமலிருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முடிவில் மறைந்தவரின் பாட்டுக்குரலே ஒலிக்கிறது.

"நான் துயரப்படுகிறேன்" என்று நூறு முறை சொன்னாலும் கேட்பவர் கண் கலங்குவதில்லை. ஒரு விருந்து, ஒரு சிறு வெட்கம், ஒரு சிறு உதவி ஆகியவற்றைச் சொன்னால் போதும். இழந்தது என்ன என்பது நமக்கே விளங்கிவிடுகிறது. ஜான் வால்ட்டின் தாயாரும் வாளாவிருக்கவில்லை. மகன் பெயரில் ஓர் அறக்கட்டளை நிறுவி இளங்கலைஞர்களுக்கு உதவி வருகிறார்.

எங்களுக்கு எழுந்த ஐயம்

ராப் பாட்டுகளில் கொச்சைச் சொற்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. வன்முறையையும் போதையையும் பெருமை பேசுவனவும், பெண்களை இழிவுபடுத்துவனவும் உண்டு. மேற்சொன்ன மூவர் பாட்டுகளிலும் நம் வீட்டில் சொல்லத் தகாத சொற்கள் வருகின்றன. அவற்றை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் சில சொற்களுக்காக அவர்கள் சொல்ல வந்ததையே கேளாமல் கதவைச் சாத்திக்கொள்வது நியாயமா?

மற்றொரு கேள்வியும் எழுந்தது. தன் துயரை விற்றுப் பொருள் ஈட்டலாமா? மறைந்தவரைப் பற்றி இரவுதோறும் மேடையில் பாடுவது புண்ணைக் கீறிக்கொள்வதாகாதா? வகுப்பில் இது குறித்து நெடுநேரம் பேசினோம். ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. அத்துயரை எப்போது பாடுவது, எவ்வளவு சொல்வது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை பட்டவருக்கே இருக்க வேண்டும். தனித்து இயங்குவதன் உண்மையான பொருள் அதுவே.

துன்பம் தானாகவே பாட்டாகிவிடுவதில்லை. அப்படியானால் உலகில் பாட்டுக்குப் பஞ்சமே இராது. பயிற்சி வேண்டும், இடம் வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாகப் பொறுமையாகக் கேட்க ஒருவர் வேண்டும். சிகாகோ பிள்ளைகளுக்கு ஒரு நூலகக் கூடமும் ஒரு பிரதர் மைக்கும் கிடைத்தார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியை நினைத்துக்கொண்டோம். அவள் தந்தை சென்ற ஆண்டு இறந்தார். நாங்கள் எல்லோரும் ஒருநாள் போய் வந்தோம். அதன்பின் வீட்டுப்பாடத்தைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியும்தான் அவளிடம் பேசினோம். அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தந்தையைப் பற்றி எழுதி வைத்திருந்தது வெகுநாள் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது. ஆறு மாதமாக எங்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள், ஒருவரும் கேட்கவில்லை. இம்மலருக்கு அதைத் தரலாமே என்றோம். "அச்சில் வேண்டாம். நீங்கள் கேட்பதானால் படிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் உணவு இடைவேளையில், நூலகத்துக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடியில் அமர்ந்து அவள் படித்தாள். தந்தையின் மிதிவண்டி மணியைப் பற்றிய நான்கு பக்கம். மணி அடித்தும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

தோழியரே! நம் பள்ளியிலும் நூலகம் இருக்கிறது, மரத்தடி இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறவளும் ஏதோ ஒரு வகுப்பில் இருப்பாள். அவளைத் தேடிச் சென்று கேட்போமாக.