கரும்பொருள் (மூளை)

கரும்பொருள் அல்லது சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பது நடுமூளையின் இருபுறமும் அமைந்துள்ள நரம்பணுத் தொகுதியாகும். இலத்தீன் பெயரும் 'கரிய பொருள்' என்றே பொருள்படும். நரம்பணுக்களில் சேரும் நியூரோமெலனின் என்னும் நிறமியே இக்கருமைக்குக் காரணம். பிறந்த குழந்தையிடம் இந்நிறம் காணப்படுவதில்லை; வயது ஏற ஏறவே அடர்கிறது.

இதன் அடர்பகுதியிலுள்ள அணுக்கள் டோப்பமைனை உருவாக்கி, முன்மூளையிலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதிக்கு நரம்பிழைகள் வழியே அனுப்புகின்றன. உடல் அசைவுகளைத் தொடங்கவும் சீராக நடத்தவும் இது இன்றியமையாதது. இவ்வணுக்கள் அழிவதால் பார்க்கின்சன் நோய் உண்டாகிறது.

1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்தபோது மூளையில் பாதிக்கப்படும் இடம் அறியப்படவில்லை. இறந்த நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்த கான்ஸ்டன்டின் திரெத்தியாக்கோவ், கரும்பொருளின் சிதைவை 1919இல் பாரிசில் அளித்த ஆய்வேட்டில் எடுத்துக்காட்டினார். முற்றிய நிலையில் கரும்பட்டை வெளிறியிருப்பது வெறுங்கண்ணுக்கே புலப்படும். கைநடுக்கம், தசை இறுக்கம், அசைவு மந்தம் ஆகியவை வெளிப்படுவதற்கு முன்பே அணுக்களில் பெரும்பங்கு அழிந்திருக்கும் என்பதே இந்நோயின் கொடுமை.

டோப்பமைனை மருந்தாகக் கொடுத்தால் அது குருதி-மூளைத் தடுப்பைக் கடப்பதில்லை. லெவோடோப்பா அதைக் கடந்து, மூளைக்குள் டோப்பமைனாக மாறுகிறது. அறிகுறிகள் தணியும், ஆயினும் அணுக்களின் அழிவை அது நிறுத்துவதில்லை.