சாலிகுஷு (புதினம்)

சாலிகுஷு என்பது துருக்கிய எழுத்தாளர் ரெசாத் நூரி குன்டேகின் (1889–1956) எழுதிய புதினம் ஆகும். இது 1922 ஆம் ஆண்டு 'வக்கித்' என்ற நாளிதழில் தொடராக வெளிவந்து, அதே ஆண்டில் நூலாகவும் வந்தது. காதலனால் ஏமாற்றப்பட்ட இளம்பெண் ஒருத்தி வீட்டைவிட்டு வெளியேறி, அனத்தோலியாவின் சிற்றூர்களில் ஆசிரியையாக வேலை செய்து பிழைப்பதே இதன் கதை. துருக்கியில் தலைமுறை தலைமுறையாக மிகுதியாக வாசிக்கப்படும் புதினங்களுள் இதுவும் ஒன்று.

பெயர்

சாலிகுஷு என்பது புதர்களில் ஓயாது தாவித் திரியும் மிகச் சிறிய பறவை ஒன்றின் துருக்கியப் பெயர். பள்ளியில் மரம் மரமாக ஏறிக் குறும்பு செய்யும் கதைத்தலைவி ஃபெரிதேக்கு இது பட்டப்பெயராக அமைகிறது. பின்னர் அவள் போகும் ஊர்களும் அவளுக்குப் புதுப்பெயர் வைக்கின்றன. பட்டுக்குப் பெயர்போன பர்சாவில் அவள் 'பட்டுப்புழு'. சனக்கலேயில் அவளை ரோஜா இதழ் இனிப்பு ஒன்றின் பெயரால் அழைக்கிறார்கள். கேட்பதற்குச் செல்லப்பெயர்கள் போலத் தோன்றினாலும், தனியாக வாழும் அழகான பெண்ணை ஊர் எப்போதும் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பதையே இவை காட்டுகின்றன.

பின்னணி

ரெசாத் நூரி இராணுவ மருத்துவர் ஒருவரின் மகன். பர்சாவிலும் இஸ்தான்புல்லிலும் ஆசிரியராக இருந்து, பின்னர் கல்வி அமைச்சின் ஆய்வாளராகப் பணியாற்றியவர். இக்கதையை அவர் முதலில் 'இஸ்தான்புல் பெண்' என்ற நாடகமாகவே எழுதினார். அது மேடையேறாததால் புதினமாக மாற்றினார்.

கதை நடப்பது உதுமானியப் பேரரசின் கடைசி ஆண்டுகளில். பெண் ஆசிரியர்களுக்கான முதல் பயிற்சிப் பள்ளி இஸ்தான்புல்லில் 1870 இல் தொடங்கப்பட்டிருந்தது. படித்த முஸ்லிம் பெண் ஒருத்தி மதிப்புக் குறையாமல் சம்பளம் வாங்கக்கூடிய வேலைகள் அக்காலத்தில் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது ஆசிரியப் பணி.

கதை

ஃபெரிதே படை அதிகாரி ஒருவரின் மகள். சிறு வயதிலேயே தாயையும், பின்னர் தந்தையையும் இழக்கிறாள். இஸ்தான்புல்லில் பிரெஞ்சுக் கன்னியர் நடத்தும் நோத்ருதாம் த சியோன் விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். விடுமுறைகளைப் பெரியம்மா பெசிமேயின் மாளிகையில் கழிக்கிறாள். பெரியம்மாவின் மகன் காம்ரானுக்கும் அவளுக்கும் நிச்சயம் ஆகிறது. திருமணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது அறிமுகமில்லாத பெண் ஒருத்தி வந்து, காம்ரான் சுவிட்சர்லாந்தில் வேறொரு பெண்ணைக் காதலித்ததைச் சொல்கிறாள். ஃபெரிதே யாரிடமும் நியாயம் கேட்கவில்லை. அன்றிரவே வெளியேறுகிறாள்.

அவள் கையில் இருப்பது பள்ளிச் சான்றிதழ் மட்டுமே. அதைக் கொண்டு வேலை கேட்டுக் கல்வி அலுவலகத்தின் அறை அறையாக ஏறி இறங்குகிறாள். பர்சாவில் கிடைத்த முதல் பணியிடமும் நிலைக்கவில்லை. அந்த இடத்துக்கு ஏற்கெனவே வேறொருவர் இருப்பது தெரியவருகிறது. அவளே விரும்பிப் போவதுபோலப் பேசி மயக்கி, செய்னிலர் என்ற ஒதுக்குப்புறக் கிராமத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். கல்லறைகளை ஒட்டிய இருண்ட பள்ளி, சாவைப் பற்றிய பாடல்களைப் பாடும் பிள்ளைகள் என வரும் செய்னிலர் பகுதிதான் நூலின் மிகச் சிறந்த பகுதி. தாயில்லாத வீட்டில் துன்பப்படும் முனிசே என்ற சிறுமியை ஃபெரிதே அங்கேதான் தன் மகளாக ஏற்றுக்கொள்கிறாள்.

அதன்பின் பர்சா, சனக்கலே, இஸ்மிர், குஷாதாசி என ஊர்கள் மாறுகின்றன. காரணம் ஏறக்குறைய ஒன்றே. பர்சாவில் ஷேக் யூசுப் எஃபெந்தி என்ற இசை ஆசிரியர் அவளிடம் சொல்லாத காதலோடு நோயுற்று இறக்கிறார். ஊர் பேசத் தொடங்குகிறது, அவள் கிளம்புகிறாள். சனக்கலேயில் இராணுவ அதிகாரிகளால் எழுந்த வம்பு, இஸ்மிரில் அவள் பாடம் சொல்லிக்கொடுத்த பணக்கார வீட்டு மகனின் தொல்லை. எந்த இடத்திலும் தவறு அவளுடையது அல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கட்டுவது அவள்தான்.

போர்க்காலத்தில் குஷாதாசியில் பள்ளி மருத்துவமனையாக மாற, ஃபெரிதே தாதியாகிறாள். முன்பு செய்னிலரில் சந்தித்த ஹைருல்லா என்ற முதிய இராணுவ மருத்துவர் அங்கே அவளுக்குத் தந்தைபோல் துணையாகிறார். முனிசே தொண்டை அடைப்பான் நோயால் இறந்துபோக, ஃபெரிதேயும் படுத்த படுக்கையாகிறாள். மருத்துவர் வீட்டில் தங்கியிருந்ததே பழியாகி வேலையைப் பறிக்கிறது. ஊர் வாயை அடைக்க ஹைருல்லா அவளைப் பெயரளவில் மணந்துகொள்கிறார். இறக்குமுன், முத்திரையிட்ட பொதி ஒன்றைக் காம்ரானிடம் சேர்க்கச் சொல்கிறார். அதில் இருப்பது ஃபெரிதேயின் நாட்குறிப்பு. அதைப் படித்த காம்ரான், மனைவியை இழந்து ஒரு மகனோடு இருப்பவன், அவளை மீண்டும் போகவிடவில்லை. அவள் ஊர் திரும்புமுன் குடும்பத்தார் இருவருக்கும் மணம் முடித்துவிடுகின்றனர்.

கதை சொல்லும் முறை

புதினம் ஐந்து பகுதிகளைக் கொண்டது. முதல் நான்கும் ஃபெரிதே தன் குரலில் எழுதும் நாட்குறிப்பு. வேடிக்கையும் கிண்டலும் நிறைந்த அந்தக் குரலே நூலின் உயிர். அழவேண்டிய இடத்தில் அவள் சிரிப்பு மூட்டுகிறாள், வாசகர்தான் அழுகிறார். ஹைருல்லாவுடனான திருமணத்தை ஒட்டி நாட்குறிப்பு நின்றுவிடுகிறது. ஐந்தாம் பகுதியைப் படர்க்கையில் ஆசிரியரே சொல்கிறார். மீண்டும் காம்ரானை அடையும்போது ஃபெரிதே என்ன நினைத்தாள் என்பதை அவள் வாயால் கேட்க முடிவதில்லை. இது இன்பமான முடிவா, சுதந்திரமாக வாழ்ந்தவளைப் பழைய வீட்டுக்கே திருப்பி அனுப்பும் முடிவா என்ற கேள்வி எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் நான்கு பகுதிகளில் அவள் சம்பளமும் நியமன ஆணையும் கொண்டு ஈட்டிய வாழ்க்கையோடு ஒப்பிட்டால், கடைசிப் பகுதி அவசரமாகவே படுகிறது. காம்ரானும் அவளுக்கு ஈடான பாத்திரமாக வளரவில்லை.

தாக்கம்

நூல் வந்த மறு ஆண்டே, 1923 இல், துருக்கி குடியரசானது. கிராமங்களுக்குக் கல்வியைக் கொண்டுசெல்ல முனைந்த அந்நாட்டில் ஃபெரிதே இலட்சிய ஆசிரியையின் அடையாளமாகப் பார்க்கப்பட்டாள். அவளைப் போல வாழ விரும்பி ஆசிரியப் பணிக்கு வந்த பெண்கள் பலர் என்று சொல்வதுண்டு. புதினமோ அந்தப் பணியை அழகுபடுத்திக் காட்டவில்லை. உடைந்த பள்ளிகளையும், கோப்புகளுக்கு அப்பால் எதையும் பார்க்காத அதிகாரிகளையும் ஆசிரியர் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

விண்டம் டீட்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1949 இல் வெளியானது. உருசிய மொழி வழியாகச் சோவியத் நாடுகளிலும் நூலுக்குப் பெரும் வாசகர் கூட்டம் உண்டானது. ஒஸ்மான் செதேன் 1966 இல் இயக்கிய திரைப்படத்தில் துர்க்கான் ஷொராய் ஃபெரிதேயாக நடித்தார். அதே இயக்குநரின் தொலைக்காட்சித் தொடர் 1986 இல் ஒளிபரப்பானது. அதில் ஐதான் ஷெனர் ஃபெரிதேயாக நடித்தார். 2013 இல் ஃபாக்ரியே எவ்ஜென் நடிப்பில் இன்னொரு தொடர் வந்தது.