தன் கதையை மீட்டெடுத்த கை

வன்முறை உடலைத் தாக்குவதோடு நிற்பதில்லை. நடந்ததை எடுத்துரைக்கும் ஆற்றலையும் குலைத்துவிடுகிறது. கொடுந்துன்பத்தின் நினைவுகள் முன்பின் தொடர்பின்றி ஓசையாகவும் வாடையாகவும் நடுக்கமாகவும் திரும்பி வருகின்றன. கடந்துபோனது இப்பொழுதே நிகழ்வதாகப் படுகிறது. எழுதத் தொடங்கும்போது அந்நிகழ்வுக்கு ஒரு நாளும் இடமும் கிடைக்கின்றன. அதற்கு முன்னும் பின்னும் வாழ்வு உண்டு என்பது தெளிவாகிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சான்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. கல்லூரி மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடமாக 4 நாள்கள் தம் பெருந்துயரைப் பற்றி எழுதினர். அவர்களுள் நிகழ்வையும் உணர்வையும் இணைத்து எழுதியோர், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. உணர்ச்சியை மட்டும் கொட்டியோருக்கு அப்பயன் கிட்டவில்லை.

சித்திரவதைக்கு ஆளானவருக்கோ இன்னொரு இழப்பும் உண்டு. அவருடைய கதையைப் பிறர் எழுதிவிடுகின்றனர். மௌரித்தானியாவைச் சேர்ந்த முஹம்மது உல்து ஸலாஹி இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்தவர். 2002 ஆகஸ்டில் அவர் குவாண்டனாமோ சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மறு ஆண்டு அடியும் உறக்கமறுப்பும், தாயையும் அங்குக் கொண்டுவருவோம் என்ற மிரட்டலும் அவரை நிலைகுலையச் செய்தன. டொரண்டோவின் சி.என். கோபுரத்தைத் தகர்க்கத் திட்டமிட்டதாகப் பொய் வாக்குமூலம் அளித்தார்.

2005இல் அவரே தம் வரலாற்றை 466 பக்கங்களில் எழுதினார். அதற்குக் கருவியான ஆங்கிலத்தைப் பெரிதும் சிறையிலேயே காவலர்களிடமிருந்து கற்றிருந்தார். வதைத்தோரின் செயல்களை மறைக்காத அந்நூல், பரிவு காட்டிய காவலர்களையும் மறக்கவில்லை. நெடிய சட்டப் போராட்டத்திற்குப் பின் 2015இல் ‘குவாண்டனாமோ நாட்குறிப்பு’ வெளிவந்தபோது, 2,500க்கும் மேற்பட்ட இடங்கள் கறுப்புப் பட்டைகளால் மறைக்கப்பட்டிருந்தன. எக்குற்றமும் சாட்டப்படாமலேயே 2016 அக்டோபரில் அவர் விடுதலையானார். 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விடங்களைப் பதிப்பாசிரியரின் துணையோடு நிரப்பினார்.

எழுத்து எல்லாக் காயங்களுக்கும் மருந்தன்று. ஆறாத புண்ணைத் தனிமையில் கிளறுவது சிலருக்கு வேதனையைக் கூட்டும். அவர்களுக்குப் பயிற்சி பெற்ற துணை வேண்டும். ஆயினும் ஸலாஹியின் எழுத்து ஒன்றைத் தெளிவாக்குகிறது. பிறர் விரும்பியதை ஒப்புக்கொள்ளுமாறு நொறுக்கப்பட்ட மனிதர், தாம் கண்டதைத் தம் சொல்லில் பதிவுசெய்யும்பொழுது தம் வாழ்வுக்குத் தாமே சாட்சியாகிறார். இழந்த மதிப்பை மீட்கும் பயணம் அங்கிருந்தே தொடங்குகிறது.