நீச்சல் குளம் தெளிந்த நீலமாக இருக்க இத்தனை பாடா?

டிக்கெட் வாங்கினோம், தொபுக்கடீர் என்று குதித்தோம், தலையைத் துவட்டிக்கொண்டு வந்தோம். பொது நீச்சல் குளம் என்றால் நமக்குத் தெரிந்தது இவ்வளவுதானே? அந்தத் தண்ணீர் தெளிவாக இருக்க என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா? அசந்துபோவீர்கள்!

200 லாரித் தண்ணீர்!
50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். பெருக்கிப் பாருங்கள், 25 லட்சம் லிட்டர்! 12,000 லிட்டர் டேங்கரில் கொண்டுவந்தால் 200 லாரிக்கு மேல் வேண்டும்! தினமும் மாற்ற முடியுமா என்ன? அதே தண்ணீரைத்தான் பம்ப் இழுக்கிறது, மணல் ஃபில்டர் வடிகட்டுகிறது, மறுபடி குளத்துக்கே வருகிறது. இரவும் பகலும் இதே வேலை!

மூக்கைத் துளைக்கும் வாடை எது?
கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரின் என்கிறீர்களா? இல்லவே இல்லை! குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்தால் குளோரமைன் உண்டாகிறது. வாடையும் கண் எரிச்சலும் அதன் கைவரிசைதான்! வாடை தூக்கலாக அடித்தால், பல சமயம் குளோரினை இன்னும் கூட்டித்தான் சரிசெய்ய வேண்டும். நம்ப முடிகிறதா?

75 லிட்டர்... எது?
மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். சிறுநீர்! கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணக்கு இது. சுமார் 8.3 லட்சம் லிட்டர் கொண்ட ஒரே குளத்தில் இவ்வளவு! எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நாம் சாப்பிடும் செயற்கை இனிப்பு ஒன்று, உடம்பில் சிதையாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறும். தண்ணீரில் அதை அளந்தார்கள், குட்டு வெளிப்பட்டது!

குளோரினுக்கே அசராத கிருமி!
குளோரின் சரியான அளவில் இருந்தால் ஈ.கோலை கிருமி ஒரு நிமிடத்துக்குள் காலி! ஆனால் வயிற்றுப்போக்கைத் தரும் கிரிப்டோஸ்போரிடியம்? அதே தண்ணீரில் 7 நாளுக்கு மேல்கூட உயிரோடு இருக்கும்! வயிறு சரியில்லாதவர்கள் குளத்தில் இறங்கக் கூடாது என்பது சும்மா இல்லை!

ஒரு வாளி போதும்!
தண்ணீர் மட்டம் இறங்குகிறதா? வெயில் குடித்ததா, விரிசலில் கசிந்ததா? கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம்! வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில். குளம் மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு! எவ்வளவு எளிது!

குளம் மிதக்குமா?
மிதக்கும்! ரிப்பேருக்காகத் தண்ணீரை இறைத்துவிட்டால் உள்ளே பாரம் போய்விடும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடமானால், அது அடியிலிருந்து நெட்டித் தள்ளும். கான்கிரீட் குளமே மண்ணைப் பெயர்த்துக்கொண்டு எழும்பிவிடும்! நிலத்தடி நீரைப் பார்க்காமல் மோட்டாரைப் போடவே கூடாது!

ஒலிம்பிக்கில் பச்சைக் குளம்!
2016, ரியோ. டைவிங் குளம் திடீரென்று பச்சை! காரணம்? தவறுதலாக ஊற்றப்பட்ட 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு, குளோரினைச் செயலிழக்க வைத்தது. பாசிக்குக் கொண்டாட்டம்! பக்கத்துக் குளத்திலும் நிறம் மாறியது. அங்கே இருந்த சுமார் 37 லட்சம் லிட்டரையும் வெளியேற்றிவிட்டு, பயிற்சிக் குளத்துத் தண்ணீரை நிரப்பித்தான் போட்டியை நடத்தினார்கள்!

வியாழக்கிழமை விடுமுறை!
அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பார்டன் ஸ்பிரிங்ஸ், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பாண்டை ஐஸ்பெர்க்ஸ். இந்த இரண்டு குளங்களுமே கழுவித் துடைக்க மூடப்படுவது வியாழக்கிழமை! பார்டன் ஸ்பிரிங்ஸில் குளோரின் கிடையவே கிடையாது. ஏனென்றால், அழிவின் விளிம்பில் இருக்கும் சாலமாண்டர் என்ற சிற்றுயிர் அந்த ஊற்று நீரில்தான் வாழ்கிறது!

28 ஆண்டு பூட்டு!
நியூயார்க்கின் மெக்காரன் குளம் 1936இல் திறந்தது. ஒரே நேரத்தில் 6,800 பேருக்கு இடம்! பழுதடைந்ததால் 1980களில் மூடியவர்கள் மறுபடி திறந்தது 2012இல். செலவு சுமார் 5 கோடி டாலர்! பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன விலை பார்த்தீர்களா?

கம்ப்யூட்டர் சூட்டில் வெந்நீர்!
இங்கிலாந்தின் எக்ஸ்மவுத் ஊரில், 2023இல் ஒரு குட்டி டேட்டா சென்டரையே பொதுக் குளத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வாஷிங் மெஷின் அளவுதான்! கம்ப்யூட்டர்கள் கக்கும் சூடு வீணாகாமல் குளத்தைச் சூடாக்கியது!

ஊரே முதலாளி!
அதே நாட்டில் பென்சான்ஸ் ஊரின் ஜூபிலி குளம், 1935இல் கட்டியது. 2014 புயல் அதை உடைத்துப் போட்டது. விட்டார்களா? 2016இல் திறந்துவிட்டார்கள்! பிறகு மக்களே பங்கு வாங்கிக் காசு சேர்த்தார்கள். சுமார் 400 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, 2020இல் பூமிக்கடிச் சூட்டில் வெதுவெதுப்பான குளமும் வந்தது!

உங்கள் பங்கு ஒரே நிமிடம்!
இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் போதும், உடம்பு அழுக்கில் பெரும்பகுதி போய்விடும்! குளோரமைன் குறையும், கண் எரியாது, விடியற்காலையிலேயே தண்ணீரைச் சோதிக்க வரும் ஊழியருக்கும் பாதி வேலை மிச்சம்! இவ்வளவு பேர் பாடுபட்டுக் காக்கும் குளத்துக்கு அந்த ஒரு நிமிடத்தைத் தருவீர்கள்தானே?