மோட்டார் வழியில் நின்றால், முதலில் பெட்ரோல் போகும் வழியைப் பாருங்கள்



என் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி ஒரே வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வந்தாள். வருகைப் பதிவேட்டில் குறிப்பதற்கு முன் காரணம் கேட்டேன். "மோட்டார் செத்துப் போச்சு சார். அப்பா தள்ளிக்கிட்டே வந்தாரு" என்றாள். நான்காம் நாள் தகப்பனாரே பள்ளி வாசலில் வந்து நின்றார். அவருடைய அப்பா பால் வெட்டிய காலத்தில் வாங்கிய ஹோண்டா சி70 அது. முன்னால் உள்ள 'ஏ' எழுத்துக்கூட மங்கிவிட்டது. வீட்டிலிருந்து கிளம்பும்போது நன்றாகத்தான் ஓடுகிறதாம். மூன்று நான்கு கிலோமீட்டர் தாண்டியதும் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறதாம். ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் காத்திருந்தால் மறுபடியும் கிளம்புகிறதாம். ஒரு பட்டறையில் பார்த்துவிட்டு, "கார்பரேட்டர் முடிஞ்சு போச்சு, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்ட தொகை அவருக்குப் பல நாள் சம்பளம்.

இந்த நோயின் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைப் பிறகு சொல்கிறேன்.

தோட்டத்து வீடுகளில் இந்தக் 'கப்' மோட்டார் இன்றும் ஓடுகிறது என்பதில் வியப்பில்லை. 1958-ல் ஜப்பானில் இதன் முதல் வடிவம் வெளிவந்தபோதே, நூடல்ஸ் தட்டை ஒரு கையில் ஏந்திய கடைப்பையன் மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அதை அமைத்தார்கள். அதனால்தான் கிளட்ச் பிடி இல்லை. பினாங்கு லோ பூன் சியூ ஹோண்டாவை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார். நம்மவர்கள் அதில் பால் வாளியைக் கட்டினார்கள், அரிசி மூட்டையை ஏற்றினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். 2017-ல் இந்தக் குடும்பத்து வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. எளிய வண்டி. பழுதும் பெரும்பாலும் எளியதுதான்.

இதில் பெட்ரோலை இழுத்துத் தரும் பம்பு கிடையாது. இருக்கைக்கு அடியிலுள்ள தொட்டியிலிருந்து, தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுபோல, பெட்ரோல் தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. டேப்பைத் தாண்டி, சிறு வலையில் வடிகட்டப்பட்டு, கார்பரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்தில் சேர்கிறது. கிண்ணம் நிறைந்ததும் உள்ளேயிருக்கும் மிதவை உயர்ந்து ஒரு ஊசியைத் தள்ளி வழியை அடைக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுகிறதே, அதே வித்தைதான். கிண்ணத்திலிருந்து 'ஜெட்' எனப்படும் பித்தளைத் துளைகள் வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகிறது.

ஆகவே மோட்டார் நின்றால் கார்பரேட்டரைக் கழற்ற ஓடாதீர்கள். மேலிருந்து கீழாக வாருங்கள். தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா? டேப் திறந்திருக்கிறதா, 'ரிசர்வ்' பக்கம் திருப்ப வேண்டிய நேரமா? சிரிக்காதீர்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகும் சாலையில் கொதிக்கும் வெயிலில் ஒரு கிலோமீட்டர் தள்ளிய பிறகுதான் நானே இந்த டேப்பை நினைத்தேன்.

அடுத்த சோதனைதான் முக்கியமானது. எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் சாமி விளக்கும் சிகரெட்டும் அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். கப் மோட்டாரில் கால்மறைப்பைக் கழற்றினால் கார்பரேட்டர் தெரியும். கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு வடிகால் திருகாணி இருக்கும். அதன்கீழ் ஒரு கண்ணாடி ஜாம் போத்தலைப் பிடித்து, டேப்பைத் திறந்து வைத்து, திருகாணியைத் தளர்த்துங்கள். முதலில் கிண்ணத்தில் இருந்தது வடியும். அதன் பிறகும் விடாமல் ஓடினால் தொட்டியிலிருந்து ஊசி வரை வழி சுத்தம். சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றுபோனால் தடை மேலே இருக்கிறது. அப்போது தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். திறந்தவுடன் ஓட்டம் சீராகிவிட்டால் குற்றவாளி மூடிதான்.

ஏன்? பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காகவே மூடியில் ஒரு நுண்ணிய துளை வைத்திருக்கிறார்கள். பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் வர மறுக்கிறதல்லவா, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தானே ஊற்றுகிறது? நம் சிறுமியின் தகப்பனார், மழைத்தண்ணீர் தொட்டியில் இறங்காமலிருக்க, மூடிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் பைத் துண்டை மடித்து வைத்திருந்தார். துளை அடைபட்டது. சில கிலோமீட்டருக்குள் தொட்டியில் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்க மறுத்தது. நிறுத்தி வைத்த நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதும் மறுபடி உயிர் வந்தது. பிளாஸ்டிக்கை எடுத்தோம், மூடிக்குப் புது ரப்பர் வாஷர் வாங்கிப் போட்டார், தொல்லை தீர்ந்தது. கார்பரேட்டரில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவர் மழைக்குப் பயந்தது நியாயமானதே. நம் பேராக்கின் மழை, அதிலும் தைப்பிங் பக்கத்து மழை, லேசுப்பட்டதல்ல. மேலே சொன்ன ஜாம் போத்தலைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் பெட்ரோலுக்கு அடியில் கண்ணாடி முத்துப்போல் தங்கிவிடும். அப்படியானால் தொட்டியையும் கிண்ணத்தையும் முழுவதும் வடித்துவிட வேண்டும். போத்தலின் அடியில் செந்தூள் படிந்தால் அது தொட்டித் துரு. டேப்பின் வலையைக் கழற்றிக் கழுவுங்கள்.

பெட்ரோல் தாராளமாக ஓடியும் மோட்டார் அடம்பிடித்தால், இப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல. ஓட்டு நிறத்தில் இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்றுப் போதவில்லை. செம்பனைக் காட்டுச் செம்மண் புழுதி ஏர் பில்டரை அடைத்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது கார்பரேட்டர் பொருந்தும் இடத்தில் காற்று ஒழுகுகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்துவிட்டது, பொறிதான் வரவில்லை என்று சந்தேகிக்கலாம்.

மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற மோட்டாருக்கு நோய் வேறு. பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசின்போல் ஜெட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும். மெதுவான ஓட்டத்துக்கான சிறிய ஜெட்தான் முதலில் அடைபடும். சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் சாகும். முறுக்கிப் பிடித்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும். இதற்கு மாறாக, நின்ற இடத்தில் அழகாக ஓடி, மேட்டில் ஏறும்போது மட்டும் திணறினால் பெரிய ஜெட்டைப் பாருங்கள். கழற்றிய ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். இரும்புக் கம்பி, ஊசி எதுவும் உள்ளே விடவே கூடாது. பித்தளை மென்மையானது, துளை சற்றே பெரிதானாலும் பெட்ரோல் செலவு ஏறிவிடும். கார்பரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, காற்றுப் பம்பால் ஊதுங்கள். பிடிவாதமான அழுக்குக்கு மெல்லிய நைலான் தூண்டில் நூல் போதும். பக்கவாட்டிலுள்ள காற்றுத் திருகாணியைக் கழற்றுவதற்கு முன், மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

கார்பரேட்டரின் வழிகுழாயில் பெட்ரோல் ஒழுகிக்கொண்டே இருந்தால் மிதவை ஊசியில் தூசு சிக்கியிருக்கும். டேப்பை மூடி, திருப்புளியின் கைப்பிடியால் கிண்ணத்தை இலேசாகத் தட்டுங்கள். பல சமயம் அதிலேயே சரியாகும். நிற்காவிட்டால் ஊசியை மாற்ற வேண்டும்.

இதில் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வடித்த பெட்ரோலைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றிச் சமையலறை மூலையில் வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது பானமாகத்தான் தெரியும். தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வரும்போது பெட்ரோல் நுரையீரலுக்குள் போய்விடும், அதுதான் பேராபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். ஆண்களும் குழாயை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சுவதை விட்டுவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், எட்ட இருக்கும் அடுப்பிலும் பற்றிக்கொள்ளும்.

இங்கே சொன்னவை கார்பரேட்டர் உள்ள பழைய மோட்டார்களுக்கு மட்டும். புதிய வண்டிகளில் மின்சார பம்பும் இன்ஜெக்டரும் இருக்கின்றன. அவற்றைப் போமனிடம் விட்டுவிடுங்கள். பழைய வண்டிக்கும் போமன் தேவைப்படும் நாள் வரும். அப்போது "ஓடல" என்று மட்டும் சொல்லாமல், "மூடியைத் திறந்து பார்த்தேன், கிண்ணத்தில் நன்றாக ஓடுகிறது, பிளக் வெளுத்திருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். முழுக் கார்பரேட்டர் கேட்டால், ஊசி, ஜெட், வாஷர் அடங்கிய 'ரிப்பேர் கிட்' மட்டும் போட முடியுமா என்று கேளுங்கள். மாற்றிய பழைய சாமான்களைக் கையோடு வாங்கி வாருங்கள். தொட்டியில் துரு இருந்தால் அதைக் கழுவாமல் எதையும் மாற்ற விடாதீர்கள். கழுவாத தொட்டியிலிருந்து துரு இறங்கிப் புது ஜெட்டையும் அடைத்துவிடும்.