அந்த மீதி வெப்பம் எங்கே பாஸ்?

ரெக்கார்டு நோட்டுல விடையை முதல்ல எழுதிட்டு, அப்புறம் ரீடிங்கைத் தேடுற ஆளா நீங்க? கையக் கொடுங்க, நானும் அப்படித்தான்!

ஸ்பிரிட் விளக்குல 200 கிராம் தண்ணியைச் சூடாக்குறோம். 25 டிகிரி ஏறுதுன்னு வெச்சுக்கங்க. 200, தண்ணியோட தன்வெப்பம் 4.18, அப்புறம் 25... மூணையும் பெருக்கினா 20,900 ஜூல். எரிஞ்ச எத்தனால் 1.15 கிராம், அதாவது 0.025 மோல். வகுத்தா மோலுக்கு 836 கிலோஜூல். ஆனா, புத்தகத்துல எத்தனாலோட எரிதல் என்தால்பி 1,367! (வெப்பம் வெளியேறுது, மைனஸ் குறி போட மறந்துடாதீங்க.)

மீதி எங்கே? நம்ம ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வேகவைக்கிற அடுப்புகிட்ட நின்னு பாருங்க. முகத்துல சுள்ளுன்னு அடிக்குதே அனல், அது தண்ணிக்குப் போகாத வெப்பம். லேப்லயும் இதே கதைதான். காத்தும் பீக்கரும் பங்கு கேக்குது. கொஞ்சம் ஸ்பிரிட் எரியாமலே ஆவியாகிடுது.

சுத்தி மறைப்பு வெச்சு, பீக்கரை மூடினா விடை கொஞ்சம் நெருங்கும். விறகுக்குக் காசு கொடுக்குற விவசாயிக்கு அந்த வித்தியாசம் அத்தனையும் செலவுதானுங்க! அதனால, 836 வந்தா 836-னே எழுதுங்க. அடுப்பைத் திருத்த வழி சொல்றது அந்தக் 'குறைஞ்ச' விடைதான்!