கால் வலிக்குக் கரன்ட்

தேவாலாப் பக்கம் எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், இடுப்பில் தொடங்கிக் கணுக்கால்வரை கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார். சரிவில் ஊன்றி நின்ற கால்; ஆடி மழையில் வழுக்கி வழுக்கிப் பிடித்து நின்ற கால். தைலமும் மாத்திரையும் தீர்ந்தபின் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னால் அவர் முதலில் கேட்பது, “கரன்ட் வைப்பாங்களா?”

பெரும்பாலும் வைப்பார்கள். கருவியின் பெயர் டென்ஸ். கையில் அடங்கும் பெட்டி, பேட்டரி, இரண்டு ஒயர், தோலில் ஒட்டும் பேட். அவ்வளவுதான். மில்லி ஆம்பியர் கணக்கில் மின்துடிப்புகள் வரும். எறும்பு ஊர்வதுபோல் சுருசுருவென்று இருக்கும்.

முழங்கால் கட்டிலில் இடித்தால் யாரும் சொல்லாமலே தேய்த்துக்கொள்கிறோம் அல்லவா? சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. நாள்பட்ட வலியைச் சுமக்கும் மெல்லிய நரம்பிழையில் செய்தி விநாடிக்கு 1 மீட்டர் அளவில்தான் ஊர்கிறது. தொடுகையைச் சுமக்கும் தடித்த இழையில் 30 மீட்டருக்கு மேல் பாய்கிறது. தண்டுவடத்தில் ஒரு கதவு உண்டு, தொடுகைச் செய்தி நெருக்கினால் வலிக்கு அது ஒருக்களித்துக்கொள்ளும் என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் விளக்கினார்கள். விநாடிக்கு 80, 100 துடிப்பு வைப்பது அந்தத் தடித்த இழைகளைத் தட்டியெழுப்பத்தான். 2, 4 என்று குறைத்து, தசை துடிக்கும் அளவுக்கு வலுவாக வைத்தால் உடம்பே தன் வலிநிவாரணியான எண்டார்பினைச் சுரக்கிறது என்கிறார்கள்.

யோசனை புதிதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கீல்வாதக்காரரை ஈரக் கடற்கரையில் உயிருள்ள மின்திருக்கைமேல் நிற்கச் சொன்னார், முழங்கால்வரை மரத்துப்போகும்வரை! பேட் எவ்வளவோ தேவலை.

ஆனால் டென்ஸ் வலியை மறைக்கும். வலிக்குக் காரணம் முதுகெலும்பில் விலகிய டிஸ்க் என்றால், அதை உள்ளே தள்ளாது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கு இதைத் தர வேண்டாம் என்றே பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2016இல் சொல்லிவிட்டது. சிலருக்கு, வைத்திருக்கும் நேரம் மட்டும் சுகம். அந்த நேரத்தில் நாலு அடி நடக்க முடிந்தால் லாபம் என்பேன்; வாங்கி வைத்துப் படுத்துக்கொள்வதில் பயனில்லை.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தொடவே கூடாது. சர்க்கரையால் மரத்த பாதத்தில் பேடை ஒட்டினால், தோல் புண்ணாவதே தெரியாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். பேடை ஒட்டாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.